நைட் ஷிப்ட்காரிக்குச் சர்க்கரை வந்தால்

சர்க்கரை இருக்கிறது என்று யாரிடமாவது வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள், அந்த நிமிஷமே அவர் டாக்டராகிவிடுவார். பாகற்காய் ஜூஸ் குடி என்பார் ஒருவர். வெந்தயத்தை ஊறவைத்து முழுங்கு என்பார் இன்னொருவர். எங்கள் கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரும் அக்கா ஆவாரம்பூ என்று ஆரம்பித்தால் படப்பையிலிருந்து ஒரகடம் வரும்வரை நிறுத்தமாட்டார். நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. எனக்கு என்ன நடந்தது என்று பஸ்ஸில் ஒவ்வொருத்தியாகக் கேட்கிறார்கள், ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மகேஸ்வரி. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். லாரியில் வரும் சரக்கை மரப் பேலட்டோடு சேர்த்துத் தூக்கி இறக்குமே, அந்த வண்டி. முதலில் பேக்கிங் டேபிளில்தான் நின்றுகொண்டிருந்தேன். பெண்களுக்கும் வண்டி கற்றுக்கொடுக்கப்போகிறோம் என்று கம்பெனியில் சொன்னபோது யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். "இது இன்னா ஸ்கூட்டியா?" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் அடுக்கிய ராக்கில் நான்தான் இன்றைக்கும் மேல் தட்டில் பேலட் வைக்கிறேன். அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தால் நான் ஒரு ராணி. வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு அந்த வண்டி என்றால் உயிர்.

வருஷா வருஷம் கம்பெனியில் மெடிக்கல் செக்கப் உண்டு. அதில்தான் தெரிந்தது. சாப்பிடாமல் எடுத்த ரத்தத்திலும் சர்க்கரை அதிகம், சாப்பிட்டபின் எடுத்ததிலும் அதிகம். மூன்று மாத சராசரி என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். முந்தின நாள் பத்தியமாக இருந்து இந்த டெஸ்ட்டை ஏமாற்ற முடியாது. மூன்று மாதமாக நாம் தின்றது, தூங்கியது, நடந்தது, நடக்காதது எல்லாவற்றையும் சேர்த்து ரத்தம் சொல்லிவிடும். என் ரத்தம் நன்றாகவே சொல்லியிருந்தது. எடையையும் பார்த்தார்கள். அந்த மெஷினில் ஏறும்போது செருப்பைக் கழற்றினேன், துப்பட்டாவைக்கூட எடுத்து நர்ஸ் கையில் கொடுத்தேன். ஒன்றும் பிரயோஜனமில்லை.

என் அம்மாவுக்கும் சர்க்கரைதான். கால் விரலை எடுக்க வேண்டி வந்தது. ஆறாத அந்தப் புண்ணுக்கு நான்தான் கட்டு மாற்றிவிடுவேன். அதனால் டாக்டர் 'சுகர்' என்று சொன்னதும் என் கண் நேராக என் காலுக்குத்தான் போனது. பயந்துவிட்டேன். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அன்று வீட்டில் குக்கர் விசில் சத்தத்துக்குக்கூட யாரையாவது திட்டினேன்.

படப்பையில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை, இரண்டும் சாப்பாட்டுக்கு முன்னால். எடையைக் குறைக்கணும், நடக்கணும், சோற்றைக் குறைக்கணும். சரி என்று வந்துவிட்டேன். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். எந்த ஷிப்ட்டில் வேலை செய்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன், அதுதான் என்னோடு பிறந்த வியாதி. மறுநாளே அரிசியை நிறுத்தினேன். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், அப்புறம் டீயையே நிறுத்தினேன். கேன்டீனில் வெள்ளரிக்காயும் கேரட்டும் மட்டும் எடுத்துவந்து மென்றுகொண்டிருப்பேன். எதிரே உட்கார்ந்த பெண்கள் பிரியாணி சாப்பிடுவதைப் பார்த்தால் எழுந்து போய் அடிக்கலாம் போலிருக்கும். எடை இறங்கியது. "இன்னாக்கா, ஆளே பாதியாயிட்ட!" என்று பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக ராத்திரியும் பட்டினி கிடக்கலாம் என்று தோன்றியது.

இங்கேதான் நான் மாட்டினேன். எங்களைப்போல ஷிப்ட் மாறி மாறி ஓடுகிறவர்கள்தான் இப்படி மாட்டுவார்கள். எங்கள் நைட் ஷிப்ட் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும், விடிந்தபிறகுதான் முடியும். காலையில் வீட்டுக்கு வருவேன். காலை மாத்திரை காலையில்தானே போட வேண்டும்? போடுவேன். ஆனால் எனக்கு அது தூங்கப்போகும் நேரம். தூங்கப்போகிறவளுக்கு எதற்கு இட்லி? எடை ஏறிவிடுமே! அதனால் ஒன்றும் சாப்பிடாமல், தூங்குவதற்கு முன்னால் ஏரிக்கரையில் வேகமாக ஒரு நடை போய்விட்டு வந்து படுத்துவிடுவேன். எழுந்து கொஞ்சம் சுண்டலோ காயோ சாப்பிடுவேன். மறுபடி வேலைக்குக் கிளம்பும்போது இரவு மாத்திரை. நடக்கும்போது குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும். கொழுப்பு கரைகிறது என்று நினைத்து உள்ளூரச் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது!

ஒரு நாள் சாயங்காலம், ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பேலட்டைத் தூக்கிக்கொண்டு ராக் வரிசைக்குள் போனேன். இரண்டு ராக் தெரிந்தது. எது நிஜ ராக் என்று யோசிக்கும் அளவுக்குக்கூட மூளை ஓடவில்லை. வண்டி ராக்கின் தூணில் இடித்து நின்றது. கடவுள் புண்ணியத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் இசக்கிமுத்து அண்ணன் திருநெல்வேலிக்காரர், ஓடி வந்து சாவியைத் திருப்பி அணைத்தார்.

"என்னம்மா செய்யுது? ஏம்மா, என்னைப் பாரு, என்ன செய்யுது?"

அவரை நான் கெட்ட வார்த்தையில் திட்டினேனாம். எனக்கு ஞாபகமில்லை. சர்க்கரை ரொம்பக் குறைந்தால் மூளைக்குத் தீனி கிடைக்காது, குடித்தவர்களைப்போல உளறுவார்களாம். நல்லவேளை, அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண் தெளிந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். கையில் ஊசி, மேலே குளுக்கோஸ் பாட்டில். சர்க்கரை அதிகம் என்று மாத்திரை தின்றவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பார்த்தால், இல்லை. நான் போட்ட வகை மாத்திரையின் வேலை உடம்பில் ரொம்ப நேரம் இருக்குமாம். ஏற்றிவிட்ட சர்க்கரை திரும்பவும் இறங்கிவிடலாம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அடிக்கடி நர்ஸ் வந்து விரல் நுனியைக் குத்துவார். எந்த விரலை நீட்டுவது என்று கடைசியில் நானே முறை வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தனசேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன் வந்தபோது வண்டியில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். விஷயத்தைக் கேட்டதும், "நீ ஆஸ்பத்திரிக்கு வுடுப்பா, நாங்க அங்கேர்ந்து வேற வண்டி பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்களாம். ஆக, என் வீட்டுக்காரர் சவாரியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர்களில் ஒரு அம்மா மாடியில் என் கட்டில் வரைக்கும் ஏறிவந்து, என் காலைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு இல்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஒரு பன்னைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அவர் யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"இன்னாமே, இப்பிடி பண்ணிகினு வந்து கீற?" என்றார் தனசேகர். லுங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் பில் கவுன்டருக்கு ஓடினார். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போவதும், கேட்பதும், வருவதுமாகவே இருந்தார். கவுன்டர் பெண், "அண்ணா, திரும்ப வந்தீங்கன்னா உங்களுக்கும் பெட் போட்டுருவேன்" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

பக்கத்துக் கட்டிலில் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்திருந்த கன்னியம்மா இருந்தார். கத்தரித் தோட்டம் வைத்திருக்கிறவர். காலில் முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகியிருந்தது. சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி செத்துவிடுமாம். என் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நீ மாத்திரையப் போட்டு வந்துகீற. நான் போடாத வந்துகீறேன். ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துலதான படுத்துகினு கீறோம்!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் காலில் கட்டு மாற்றும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாவின் கால் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

காலையில் ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் சின்னப் பெண். என் மகள் நிவேதாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். கட்டில் ஓரத்தில் நின்று நிதானமாகக் கேட்டாள்.

"காலை மாத்திரைய எப்ப போடுவீங்க?"

"காலையிலதான்."

"போட்டுட்டு?"

"நடந்துட்டு வந்து தூங்குவேன்."

"தூங்குவீங்களா? சாப்பாடு?"

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து யாரும்மா சாப்டுவாங்க?"

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். வயிற்றுக்குள் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது சுரக்கும் இன்சுலின்தான் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்து உடம்புக்குக் கொடுக்கிறது. நான் போட்ட மாத்திரை கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். நான் சாப்பிட்டாலும் சுரக்கும், சாப்பிடாவிட்டாலும் சுரக்கும். பட்டினி கிடந்து, நடையும் போய்விட்டுப் படுத்தால், இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் அது துடைத்து எடுத்துவிடும்.

"காலை, ராத்திரியெல்லாம் மாத்திரைக்குக் கிடையாதும்மா. சாப்பாட்டுக்கு முன்னால. அவ்வளவுதான். ஷிப்ட் மாறினா எங்ககிட்ட கேளுங்க, நாங்க மாத்தித் தர்றோம்."

மாத்திரையை மாற்றினாள். புது மாத்திரை சர்க்கரையை அவ்வளவு சுலபத்தில் கீழே தள்ளாத வகை என்றாள். நீங்களும் உடனே உங்கள் மாத்திரையை மாற்றிவிடாதீர்கள், ஒவ்வொரு உடம்பும் வேறு. உங்கள் டாக்டரிடம் வேலை நேரத்தைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நடந்தது புரிந்ததில் எனக்கு நிம்மதி. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது. இனி வண்டி ஓட்ட அனுமதி இல்லை, மறு உத்தரவு வரும்வரை பேக்கிங் டேபிள். அன்றுதான் முதல்முறையாக அழுதேன். கட்டிலில் கிடந்தபோதுகூட அழவில்லை.

கம்பெனி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் வளைந்துகொடுக்காதவர். "உங்க வண்டிக்கு முன்னாடி ஒரு ஆள் நின்னிருந்தா?" என்று கேட்டார். மூன்று மாதம் போகட்டும், சராசரி டெஸ்ட் நன்றாக வரட்டும், சர்க்கரை ஒரு தடவைகூடத் தாழ்வுக்குப் போகாமல் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? ஒருமுறை இறக்கிவிட்ட பெண்ணைத் திரும்ப ஏற்றுவார்களா? என் வண்டியில் அதற்குள் வேறொரு பையனை உட்காரவைத்துவிட்டார்கள். அவன் ஹாரன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பேக்கிங் டேபிளில் நான் அட்டைப்பெட்டியை ஓங்கி வைப்பேன்.

முன்பு வெறியோடு எடை குறைத்தேன், இப்போது மெதுவாகக் குறைக்க வேண்டியிருந்தது. வெறியாக இருப்பது எனக்குச் சுலபம், மெதுவாக இருப்பதுதான் உயிரை எடுத்தது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொன்ன பெண் ஒரு தட்டை வைத்துக் காட்டினாள். தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு முட்டை, மீன், பருப்பு, சுண்டல் மாதிரி ஏதாவது. மீதிக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ. சோற்றைத் தொடவே கூடாது என்றில்லை, மலைபோல் குவிக்காதே என்றாள். கேன்டீனில் பரிமாறுபவரிடம் அதைச் சொன்னால், "இன்னாக்கா, இது பாப்பாக்கு ஊட்டுற சோறு மாதிரி கீது" என்றார். பொரியலை இரண்டு தடவை வை என்றேன். அவர் இப்போது நான் வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே கரண்டியைப் பொரியல் பக்கம் கொண்டுபோய்விடுகிறார்.

தூங்குவதற்கு முன்னால் போகும் நடையை நிறுத்தினேன். தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு நடந்தேன். தனசேகரும் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டுக் கூட வருவார். பாதி வழியில் மூச்சு வாங்கும் அவருக்கு. "உனக்குதான சுகர், நான் இன்னாத்துக்கு ஓடறேன்?" என்பார், ஆனாலும் வருவார். ஒரு நாள் அவர் சட்டையில் வெங்காய பஜ்ஜி வாசனை அடித்தது. எனக்குத் தெரியாமல் ஸ்டாண்டிலேயே தின்றுவிட்டு வந்திருக்கிறார். திட்டித் தீர்த்துவிட்டேன். அவர் பாவம், "உன் முன்னாடி துன்னா உனுக்கு ஆசை வரும்னுதாமே அங்கியே துன்னேன்" என்றார். நான் அதற்குமேல் என்ன திட்டுவது? மறுநாள் இரண்டு பேருமாக ஆளுக்குப் பாதி பஜ்ஜி தின்றோம். உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

நிவேதா தினமும் காலேஜுக்குப் போகும் முன்னால் என் விரலை அவளே குத்திப் பார்ப்பாள். மீட்டரில் நம்பர் வருவதற்குள் ரிசல்ட் பார்ப்பவளைப்போல முகத்தை வைத்துக்கொள்வாள். நம்பர் நன்றாக இருந்தால் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடுவாள். ஏறியிருந்தால், "நேத்து இன்னாம்மா துன்ன? உண்மையச் சொல்லு" என்று விசாரணை. பெற்ற பிள்ளையிடம் திட்டு வாங்குவதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து லேபில் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டபின் எடுக்கும் டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும் கூட்டம். எல்லார் கையிலும் பஞ்சு. என் பக்கத்தில் இருந்தவர் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் என்னுடையதைப் பிரிக்காமலே கம்பெனி டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். சராசரி இறங்கியிருந்தது, எடையும் இறங்கியிருந்தது, தாழ்வு ஒரு தடவைகூட இல்லை. இப்போதைக்குப் பகல் ஷிப்ட்டில் மட்டும் ஓட்டலாம் என்றார். ஒரு நிபந்தனை. கை நடுக்கமோ, வியர்வையோ, மயக்கமோ லேசாக வந்தாலும் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தி இறங்கிச் சோதிக்க வேண்டும். "மறைச்சீங்கன்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சுது" என்றார். சரி என்றேன். அந்த நிமிஷம் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

திரும்ப வண்டியில் ஏறிய வாரமே சோதனை வந்தது. லோடு இறக்கும் இடத்தில் ஒரு பெரிய லாரி. டிரைவர் அவசரக்காரர், ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்குப் பதிலாக ஓட்டிய பையன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாதி லோடு இறங்கியிருந்தது. பேலட்டைத் தூக்கிப் பின்னால் வரும்போது கை நடுங்கியது. கழுத்தில் வியர்வை.

பயத்தில் நடுங்குகிறதா, சர்க்கரை இறங்குகிறதா? எனக்குத் தெரியவில்லை. இதோ இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் பாத்ரூமில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இறங்கினால், 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்' என்பார்கள். சீட் போய்விடும். இறங்காவிட்டால்? ஓரமாக நின்ற அந்தப் பையன் இப்போது வண்டிக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

பேலட்டைத் தரையில் இறக்கினேன். பிரேக்கைப் போட்டேன், சாவியைத் திருப்பி அணைத்தேன், இறங்கினேன். "அண்ணா, சுகர் பாக்கணும்" என்று இசக்கிமுத்து அண்ணனிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். லாரிக்காரர் இன்னும் பலமாக ஹாரன் அடித்தார்.

"லாரி நிக்கட்டும்மா, நீ பாரு" என்றார் இசக்கிமுத்து அண்ணன்.

பையிலிருந்த மீட்டரை எடுத்து, அத்தனை பேர் பார்க்க விரலைக் குத்தினேன். மீட்டரில் நம்பர் வந்தது. சரியாக இருந்தது. ரொம்பச் சரியாக இருந்தது. வெறும் பயம்தான். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

"சும்மா நிறுத்திட்டேன், அண்ணா."

"சரியா இருக்குன்னு தெரியத்தானே பாக்கோம்? சும்மாவா ஆகும்? தண்ணியக் குடிச்சிட்டு ஏறும்மா."

நான் ஏறப்போகும்போது லாரிக்காரர் கேபினிலிருந்து குதித்து வேகமாக வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நானும் இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். அவர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, விரலை நீட்டினார்.

"அக்கா, எனக்கும் ஒருதபா பாத்துச் சொல்லேன். கால் எரியுது, தண்ணியா குடிக்கிறேன். டாக்டராண்ட போவ பயமா கீது."

ஊசியை மாற்றி, புது ஸ்ட்ரிப் போட்டுக் குத்தினேன். நம்பர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, அவருக்கே காட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் இருந்தது என் முகம்தான், செக்கப் அன்றைக்கு என் காலைப் பார்த்த முகம்.

"பயப்படாதே தம்பி, நானும் இதுலேர்ந்துதான் எழுந்து வந்திருக்கேன். இன்னைக்கே போய்க் காட்டு. லாரி ஓட்டுறேன், சாப்பாட்டுக்கு நேரங்காலம் கிடையாதுன்னு மொதல்ல அதைச் சொல்லு."

வண்டியில் ஏறினேன், சாவியைத் திருப்பினேன். கை நடுங்கவில்லை. லாரிக்காரர் கேபினுக்குத் திரும்பிப் போகாமல் ஓரமாக நின்று நான் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா இறக்குக்கா" என்றார். "ஒண்ணும் அவசரமில்ல."